டேப் யாருடையது? எட்டுப் பாட்டில் இண்டி இசை

இண்டி, அதாவது பெரிய கம்பெனியைச் சாராத ‘இண்டிபென்டன்ட்’ இசை கேட்கலாம் என்று தேடிப் போகிறவருக்கு முதலில் மிஞ்சுவது குழப்பம்தான். ஒரு பாட்டில் கிட்டார் கிறீச்சிடுகிறது. அடுத்ததில் ஒரு பெண் காதோடு பேசுவதுபோலப் பாடுகிறார். மூன்றாவதில் வெறும் டிரம் மெஷின். மூன்றும் ஒரே பட்டியலில், ஒரே பெயரில் இருக்கின்றன. இவற்றுக்குப் பொதுவான ஒலி எது என்று தேடினால் கிடைக்காது. அதை விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். பதிவுக்குக் காசு போட்டது யார்? பதிவான டேப் யாருக்குச் சொந்தம்? இண்டி பிறந்தது இந்தக் கேள்விகளில்தான். அதன் ஒலி பிறகு வந்தது, அதுவும் பெரும்பாலும் கையில் காசு இல்லாததால் வந்தது.

1970களின் பிரிட்டனில் ஒரு குழுவின் பாட்டு கடைக்கு வரவேண்டுமானால் இ.எம்.ஐ., சி.பி.எஸ். போன்ற பெரும்பாலும் பெரிய கம்பெனி ஒன்று அந்தக் குழுவை ஒப்பந்தம் செய்யவேண்டும். ஸ்டுடியோ செலவுக்குக் கம்பெனி அட்வான்ஸ் கொடுக்கும். அந்த அட்வான்ஸ் குழுவின் ராயல்டியிலிருந்தே பிடிக்கப்படும். முழுக்கக் கழிந்து தீர்ந்த பிறகும் மாஸ்டர் டேப், அதாவது மூலப் பதிவு, கம்பெனிக்கே சொந்தம். இசைத்தட்டு அடிக்கும் ஆலை, கடைகளுக்குக் கொண்டுபோகும் வேன், வானொலிக்காரர்களின் பழக்கம் எல்லாம் கம்பெனி கையில். அமெரிக்காவில் 1950களிலேயே மெம்ஃபிஸின் சன் ரெக்கார்ட்ஸ் போலச் சின்னக் கம்பெனிகள் உண்டு. எல்விஸின் முதல் தட்டு 1954இல் அங்கேதான் வந்தது. ஆனால் ‘நாமே அடிப்போம், நாமே விற்போம்’ என்பது ஒரு கொள்கையாகவே பரவியது 1977க்குப் பிறகு.

கீழே உள்ள எட்டுப் பாட்டையும் அரைமணி நேரத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். கேட்பதற்கு முன் சில ஏற்பாடுகள்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி எழுப்பும் ஒலி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஊமை. சினிமாப் பாட்டு அதிலும் தப்பிவிடும், ஏனென்றால் குரல் மேலே நிற்கிறது. இந்தப் பாட்டுகளில் பேஸ் போனால் பாதி பாட்டு போய்விடும். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வயர் இயர்போன் போதும்.

இரண்டாவது, குரலைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். நம் காதுக்குப் பழகிய மிக்ஸில் (குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பதில்) பாடகரின் குரல் எல்லா வாத்தியத்துக்கும் மேலே, நடுவில், சொல் சொல்லாகக் கேட்கும். இங்கே குரலைக் கிட்டாருக்குச் சமமாகவோ அதற்கும் கீழாகவோ வைத்திருப்பார்கள். ‘என்ன பாடுகிறார் என்றே புரியவில்லையே’ என்று முதல் நிமிடத்தில் பாட்டை மாற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம். முதல் தடவை வரிகளைத் தேடிப் படிக்க வேண்டாம். மெட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கூடவே போங்கள்.

ரெகுலேட்டரைத் திருப்பினதுபோல டிரம் நடுவில் வேகமெடுக்கலாம். கிளிக் டிராக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் ஓடவிடும் தாள ஒலி) இல்லாமல் எல்லாரும் ஒரே அறையில் நின்று வாசித்த பதிவுகளில் அது சகஜம்.

முதலில் எதைக் கேட்பது

பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் குழுவின் ‘போர்டம்’. 1976 டிசம்பர் 28இல் ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிந்தார்கள். உறவினர், நண்பர்களிடம் வாங்கிய 500 பவுண்டு கடன்தான் முதலீடு. நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள் (இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனம்) பெயரைச் சூட்டி, 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற தட்டாக 1,000 பிரதி அடித்தார்கள். அடித்தது தீர்ந்து, மறுபடி அடித்து, கடைசியில் 16,000 போனது. இதைவிட முக்கியம் அதன் உறை. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை வாசித்தது), மேலே என்ன ஓவர்டப் செய்தார்கள் (பிறகு சேர்த்துப் பதிந்தார்கள்) என்று உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். தொழில் ரகசியத்தைத் திறந்து காட்டும் வேலை அது. அடுத்த ஆண்டு ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற குழு ஒரு படி மேலே போய், பதிவுக்கு எவ்வளவு, தட்டு அடிக்க எவ்வளவு, தட்டில் காகித லேபிள் ஒட்ட எவ்வளவு என்று செலவுக் கணக்கையே உறையில் போட்டது. படிக்கிறவர் மறுநாளே தானும் செய்யலாம்.

‘போர்டம்’ பாட்டில் கிட்டார் தனி ஆவர்த்தனம் வரும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டே சுரம். அந்த இரண்டையே திரும்பத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார் பீட் ஷெல்லி. வாசிக்கத் தெரியாமல் இல்லை. பாட்டின் பொருள் சலிப்பு. பத்து நிமிட கிட்டார் சாகசங்கள் நிறைந்திருந்த காலத்தில் அந்தச் சலிப்புக்கு அவர் கண்ட இசை இது. இந்தக் குறும்பு பிடித்துப்போனால் இண்டியில் பாதி உங்களுக்குத் திறந்துவிட்டது. எரிச்சல் வந்தால் அதுவும் சரி, அடுத்த பாட்டுக்குப் போங்கள்.

பஸ்காக்ஸின் ஷெல்லியும் ஹோவர்ட் டிவோட்டோவும் 1976 ஜூன் 4இல் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழுவின் கச்சேரி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். சின்னக் கூட்டம்தான். அதில் பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர் என்ற இரண்டு பள்ளிக்கூட நண்பர்களும் இருந்தார்கள். மறுநாளே ஹுக் போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். அவர்கள் தொடங்கிய குழு ஜாய் டிவிஷன். எட்டில் இரண்டாவது அவர்களுடைய ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’, 1980 ஜூனில் வெளியானது. ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’சைப் பதிந்த மார்ட்டின் ஹானெட்தான் இதற்கும் தயாரிப்பாளர்.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த எட்டில் உடனே பிடிப்பது இதுதான். காரணம் மெட்டு. ஆனால் மெட்டைத் தூக்கிக்கொண்டு போவது யார் என்று பாருங்கள். கிட்டார் இல்லை. பேஸ் கிட்டாரும் சிந்தசைஸரும்தான். பேஸ் என்றால் அடியில் தும் தும் என்று தாளத்துக்குத் துணை நிற்பது என்றுதான் பழக்கம். ஹுக் பேஸ் கிட்டாரின் கழுத்தில் மேல் சுரங்களுக்கு ஏறிப் பாடுவதுபோல வாசிக்கிறார். இந்தப் பாணி எப்படி வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்: ஒத்திகையில் சம்னரின் ஆம்ப்ளிஃபயர் சத்தம் அதிகம், தன்னுடையது மட்டம், கீழ் சுரங்களை வாசித்தால் தனக்கே கேட்கவில்லை, மேலே போனால் கேட்டது. மட்டமான கருவி ஒரு குழுவின் கையெழுத்தாக மாறிய இடம் இது. பாடகர் இயன் கர்ட்டிஸ் பாட்டு வெளிவருவதற்கு முன்பே, மே 18இல் இறந்துவிட்டார். அந்தச் சேதியோடுதான் பலரும் இதைக் கேட்கத் தொடங்குகிறார்கள். முதல் தடவை அதை ஒதுக்கிவைத்துவிட்டு பேஸை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இதை வெளியிட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் இசைக்காரர்களோடு வழக்கமான ஒப்பந்தம் போடவில்லை. செலவு போக லாபம் பாதிப் பாதி. பதிவுகள் எல்லாம் இசைக்காரர்களுக்கே சொந்தம், கம்பெனிக்கு ஒன்றும் சொந்தமில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதிவைத்தார்கள். கேட்க அழகு. 1992இல் ஃபேக்டரி கடனில் முழுகியபோது வாங்க வந்த லண்டன் ரெக்கார்ட்ஸ் அந்தக் காகிதத்தைப் பார்த்தது. வாங்குவதற்கு ஃபேக்டரியிடம் எதுவுமே இல்லை. குழுவோடு நேரடியாகப் பேசி முடித்தார்கள். இன்று இந்தப் பாட்டு வார்னர் வழியாக வருகிறது. ஆக, இண்டியாகப் பிறந்த பாட்டு இண்டியாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

வேன் யாருடையது

பதிவதும் தட்டு அடிப்பதும் கடனை உடனை வாங்கி முடித்துவிடக்கூடிய வேலைகள். அடித்த ஆயிரம் தட்டை நாடு முழுக்க உள்ள கடைகளுக்குக் கொண்டுசேர்ப்பதில்தான் எல்லாரும் விழுந்தார்கள். லண்டனில் ஜெஃப் ட்ராவிஸ் 1976இல் திறந்த ரஃப் ட்ரேட் என்ற கடை, 1978இல் லேபிளாகவும் ஆனது. பிறகு விநியோகத்திலும் இறங்கியது. 1980களின் தொடக்கத்தில் யார்க்கின் ரெட் ரைனோ, லிவர்பூலின் ப்ரோப், பிரிஸ்டலின் ரிவால்வர், நாரிச்சின் பேக்ஸ், எடின்பரோவின் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என ஊருக்கொன்றாக இருந்த கடைகளும் விநியோகஸ்தர்களும் சேர்ந்து ‘கார்ட்டெல்’ என்ற வலையைப் பின்னினார்கள். எடின்பரோக் குழு உள்ளூரில் தட்டைக் கொடுத்தால் போதும், அது நாரிச் வரை போய்விடும். பெரிய கம்பெனியின் வேன் தேவையில்லை.

1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி பாட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் வரத் தொடங்கியது. அதில் இடம்பெற ஒரே விதி: பெரிய கம்பெனிகளின் விநியோகம் வழியாகக் கடைக்கு வந்திருக்கக் கூடாது. ஒலி பற்றி ஒரு சொல் இல்லை. அதனால்தான் 1988இல் ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக்கின் துள்ளல் பாப் பாட்டு அந்தப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது, அவருடைய பி.டபிள்யூ.எல். லேபிளின் தட்டுகள் பினக்கிள் என்ற சுதந்திர விநியோகஸ்தர் வழியாகத்தான் போயின. கிட்டார் ரசிகர்களுக்கு அன்று இது பெரிய வயிற்றெரிச்சல். விதிப்படி கைலி சரியாகத்தான் அங்கே இருந்தார்.

வலை அறுந்ததும் இதே இடத்தில். 1991இல் ரஃப் ட்ரேட் விநியோகம் திவாலானது. விநியோகஸ்தர் விழுந்தால் அவர் கையில் நிற்கும் விற்றகாசும் விழும். ஒரு தவறும் செய்யாத சின்ன லேபிள்களும் சேர்ந்து அடிவாங்கின.

ரஃப் ட்ரேட் வெளியிட்டவற்றில் ஒன்றைத்தான் மூன்றாவதாகக் கேட்கவேண்டும். வேல்ஸின் கார்டிஃப் நகரத்து யங் மார்பிள் ஜயன்ட்ஸ், ‘ஃபைனல் டே’, 1980. இரண்டு நிமிடம்கூட இல்லை. மூன்றே பேர், டிரம்மர் கிடையாது. உறவினர் ஒருவர் கையால் செய்த டிரம் மெஷினின் தாளங்களைக் கேசட்டில் பதிந்துவைத்து, மேடையிலும் அதையே ஓடவிட்டு வாசித்த குழு. இந்தப் பாட்டின் அடியில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். நமக்கு இது புதிதல்ல, சுருதிப்பெட்டியோடு வளர்ந்த காது. ஆனால் சுருதிப்பெட்டி பாடகருக்கு நிலம் கொடுக்கிறது. இந்தச் சுரம் ஒலிக்க ஒலிக்க வயிற்றைப் பிசைகிறது. பாட்டு அணுகுண்டு விழும் கடைசி நாளைப் பற்றியது. பணக்காரர்கள் கொஞ்சம் தாமதமாகச் சாவார்கள் என்பதையும் அலிசன் ஸ்டாட்டன் கடைக்குப் போய்வந்த கதை சொல்லும் தொனியில் பாடிவிட்டுப் போகிறார். குரலில் நடுக்கம் இல்லை, உருக்கம் இல்லை, கமகம் இல்லை. ‘உணர்ச்சியே இல்லாமல் பாடுகிறாரே’ என்று தோன்றும். அப்படித் தோன்றவேண்டும். ஆரவாரத்தைக் குறைத்துப் பயத்தைக் கூட்டுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்தப் பட்டியலில் இல்லை. எட்டில் ஒன்றுதான் கேட்க நேரம் என்றால் இதைக் கேளுங்கள்.

அதன் கனத்தைக் கலைக்க ‘டாலி ஹோ!’. நியூசிலாந்தின் டனீடின் நகரத்து த க்ளீன் குழு, கிறைஸ்ட்சர்ச்சில் புதிதாய்த் தொடங்கிய ஃப்ளையிங் நன் லேபிளுக்காக 1981இல் பதிந்தது. பதிவுச் செலவு 50 நியூசிலாந்து டாலர். நாட்டு விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடம் வரை ஏறியது. மேலே குதித்துக்கொண்டிருக்கும் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

ஒரே பாட்டு, இரண்டு பதிவு

ஐந்தாவது, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸ் நகரத்து ஆர்.இ.எம். குழுவின் ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’. இதை இரண்டு பதிவாகக் கேட்கவேண்டும். முதல் பதிவு 1981இல் ஹிப்-டோன் என்ற குட்டி லேபிளில் வந்தது. மிட்ச் ஈஸ்டர் என்பவர் தன் பெற்றோர் வீட்டு கராஜில் நடத்திய ஸ்டுடியோவில் பதிந்தது. இரண்டாவது, 1983இல் ஐ.ஆர்.எஸ். லேபிளில் வந்த ‘மர்மர்’ ஆல்பத்தின் முதல் பாட்டு. தேடினால் முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் 1983 பதிவுதான். பழையது வேண்டுமென்றால் 1988இல் வந்த ‘எபோனிமஸ்’ தொகுப்பில் இருக்கிறது.

பழைய பதிவு வேகம் அதிகம், ஒலி கலங்கல், எல்லாரும் ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள். புதியது தொடக்கத்தில் ஒரு மின் இரைச்சலோடு வந்து, நிதானமாக, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும்படி நடக்கிறது. எது நல்லது? ஸ்டுடியோக் கணக்கில் 1983. பாட்டாக 1981. குழுவினரும் பழையதே மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டிலும் மாறாதவை இரண்டு. பீட்டர் பக் கிட்டார் கம்பிகளை மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டுவது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான குழுக்களுக்கு இதுவே அரிச்சுவடி. மற்றது மைக்கேல் ஸ்டைப்பின் முணுமுணுப்பு. ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவருக்கும் வரிகள் புரியாது. பதிவின்போது வரிகளை அவர் எழுதி முடிக்கவே இல்லை. ஆகவே புரியாததற்கு உங்கள் ஆங்கிலத்தைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

1988இல் ஆர்.இ.எம். வார்னருக்குப் போனார்கள். பாட்டின் சாயல் பெரிதாக மாறவில்லை, உடைமை மாறிவிட்டது. இப்படிப்பட்ட மாற்றங்களால் ‘இண்டி’ என்ற சொல் இரண்டு பொருளில் ஓடத் தொடங்கியது: உடைமை ஒன்று, சாயல் ஒன்று. பிரிட்டனில் க்ரியேஷன் லேபிள் 1992இல் தன் பங்கில் ஏறத்தாழ பாதியை சோனிக்கு விற்றது; அதற்குப் பிறகு அங்கே சேர்ந்த ஒயேசிஸ் குழுவை உலகமே இண்டி என்றது. எதிர்ப்பக்கத்தில் பாடகி அடெல். அவருடைய ‘21’ ஆல்பம் பிரிட்டனில் எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் என்ற சுதந்திர லேபிளில் வந்தது, யாரும் அதை இண்டி என்று சொல்வதில்லை. 2009இல் பிரிட்டனின் பட்டியல் விதியைத் திருத்தினார்கள். விநியோகம் யார் வழியாகப் போனாலும் சரி, லேபிளில் பாதிக்கு மேல் பெரிய கம்பெனியிடம் இருந்தால் இடம் கிடையாது. அதாவது வேனை விட்டுவிட்டு உரிமைப் பத்திரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இண்டி என்றால் மலிவாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அதே க்ரியேஷனில் 1991இல் வந்த மை ப்ளடி வாலன்டைனின் ‘லவ்லெஸ்’ ஆல்பம் இரண்டு ஆண்டுக்கு மேல் 19 ஸ்டுடியோக்களில் இழுத்தடித்து லேபிளைக் கதிகலங்க வைத்தது. எட்டுப் பாட்டையும் முடித்த பிறகு அதற்குப் போங்கள். முதலிலேயே போனால் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

குளியலறையும் கேசட்டும்

பாஸ்டனின் பிக்சீஸ் குழு, ‘வேர் இஸ் மை மைண்ட்?’, 1988, லண்டனின் 4ஏ.டி. லேபிள். ‘ஃபைட் கிளப்’ படத்தின் முடிவில் வருவதால் பலருக்கு மெட்டு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பதிந்தவர் ஸ்டீவ் அல்பினி. தன்னைத் தயாரிப்பாளர் என்று போட்டுக்கொள்ள விரும்பாதவர். வேலைக்குக் கூலி வாங்கினார், ராயல்டியில் பங்கு வாங்கியதில்லை. பின்னணியில் கிம் டீலின் ‘ஊ’ என்ற குரல் எங்கோ தள்ளி நின்று கூப்பிடுவதுபோல் கேட்கும். கருவியில் எதிரொலி சேர்த்தது அல்ல அது. மைக்கையும் பாடகியையும் ஸ்டுடியோவின் குளியலறையில் கொண்டுபோய் வைத்துப் பதிந்தது. ஓடு பதித்த சுவரின் எதிரொலி அப்படியே டேப்பில் ஏறியது. பிக்சீஸின் இன்னொரு உத்தி, மெல்ல வந்துகொண்டிருக்கும் பாட்டு திடீரென்று வெடித்து மறுபடி அடங்குவது. நிர்வானாவின் கர்ட் கோபேன் இதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதாக ஒளிக்காமல் சொன்னார். ஒரு எச்சரிக்கை: அமைதியான பகுதிக்காக ஒலியைக் கூட்டிவைத்தால் அடுத்த பகுதியில் காது கிழியும்.

ஏழாவது பாட்டுக்கு முன் ஒரு கருவியைத் தெரிந்துகொள்ளவேண்டும். ‘லோ-ஃபை’ என்று சொல்லப்படும் கரகரப்பு அதிலிருந்துதான் வருகிறது. 1979இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ என்ற பெட்டி வந்தது. சாதாரண ஆடியோ கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியலாம். கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் உரிய நான்கு தடத்தையும் ஒரே திசையில் பயன்படுத்தி, நொடிக்கு 4.76 செ.மீ. என்ற வழக்கமான வேகத்துக்குப் பதில் 9.5 செ.மீ. வேகத்தில் ஓட்டும். வேகம் கூடினால் ஒலி தெளியும். 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் பதிய முடியும் என்பது அதற்கான விலை.

நான்கு தடம் போதாதே? அதற்கு ஒரு வழி. டிரம், பேஸ், கிட்டார் மூன்றையும் மூன்று தடத்தில் பதிவார்கள். மூன்றையும் கலந்து நான்காவது தடத்துக்கு மாற்றுவார்கள். இப்போது முதல் மூன்றும் காலி. அவற்றில் குரலும் மற்றதும் ஏறும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு மாற்றலிலும் கேசட்டின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் கூடும், சிம்பலின் கூர்மை மழுங்கும். இன்னும் மோசம், கலந்ததைப் பிரிக்க முடியாது. குரல் பதிந்த பிறகு ‘டிரம் அதிகமாகிவிட்டதே’ என்று தோன்றினால் தோன்றியதுதான். இந்தப் பதிவுகளில் வாத்தியங்களின் அளவு கோணல்மாணலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒஹாயோவின் டேட்டன் நகரத்து கைடட் பை வாய்சஸ், பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் போலார்டின் குழு. 1995இல் வந்த ‘ஏலியன் லேன்ஸ்’ ஆல்பத்தில் சுமார் 41 நிமிடத்தில் 28 பாட்டு. அதிலுள்ள ‘கேம் ஆஃப் பிரிக்ஸ்’ 1 நிமிடம் 33 நொடி. மெட்டு சொன்னதும் முடிந்துவிடுகிறது. இன்னொரு சரணம் எழுதி நீட்ட வேண்டும் என்ற கவலையே இல்லை. இதே பாட்டை நல்ல ஸ்டுடியோவில் மறுபடி பதிந்த வடிவமும் உண்டு. இரைச்சல் உங்களுக்கு இடைஞ்சலா, இல்லை பாட்டில் அதுவும் ஒரு வாத்தியமா என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எட்டாவதில் கிட்டார் கும்பலை விட்டு வெளியே வருகிறோம். எம்.ஐ.ஏ.யின் ‘கலாங்’. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரால் லண்டனுக்கு வந்துசேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் வழியாகக் கையில் வந்த ரோலண்ட் எம்.சி.-505 பெட்டியையும் ஒரு நாலு தட டேப் கருவியையும் வைத்துப் பாட்டு கட்டத் தொடங்கினார். வாத்தியம் வாசிக்கத் தெரியவேண்டும் என்று அவசியம் இல்லாத பெட்டி அது. தாளத்தையும் பேஸையும் பட்டன் அழுத்திக் கட்டலாம். 2003இல் ஷோபிஸ் என்ற குட்டி லேபிளில் ‘கலாங்’ 500 பிரதிதான் வந்தது. டி.ஜே.க்கள் கை மாறி மாறி ஓடவிட, எக்ஸ்.எல். அவரை எடுத்துக்கொண்டது. 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘அருளர்’ என்று தன் தந்தையின் இயக்கப் பெயரையே வைத்தார். இதில் பின்தொடர வேண்டியது பேஸும் தாளமும். இடைவெளிகள் எவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று பாருங்கள். கடைசியில் கூட்டமாக எழும் கூவலுக்கு விளக்கம் தேவையில்லை. ‘போர்டம்’ போட்ட கணக்கும் இதுவும் ஒன்றே: தானே கட்டியது, சில நூறு பிரதி, கையிலிருந்து கைக்கு.

தமிழ்நாட்டில் இண்டி என்றால் பெரும்பாலும் சினிமாவில் வராத பாட்டு என்றே அர்த்தம். நமக்கு எதிரே நிற்கும் மலை சினிமா என்பதால் அளவுகோலும் வேறு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கி, 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, சினிமாவைச் சாராதது, பெரிய கம்பெனியைச் சாராதது என்ற இரண்டு அர்த்தத்திலும் இண்டிதான். ஆனால் ஒரு பெரிய கம்பெனி காசு போட்டு வெளியிடும் தனிப்பாட்டுக்கும் நம்மூரில் அதே பெயர் உண்டு.

அடுத்து எங்கே

ஆப்பில் இருக்கும் ‘இண்டி’ பிளேலிஸ்ட்டை நம்பிப் போகாதீர்கள். அது சாயலை வைத்துத் தொகுப்பது; பாதிக்கு மேல் யுனிவர்சல், சோனி, வார்னர் பாட்டாகவும் இருக்கலாம். ஆல்பம் பக்கத்தின் அடியில், வட்டத்துக்குள் பி எழுத்து போட்டு ஒரு வரி இருக்கும். அதுதான் பதிவின் உரிமையாளர். அங்கே ஒரு சின்னப் பெயரைப் பார்த்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம்: பார்லஃபோன் வார்னருடையது, கொலம்பியா சோனியுடையது, ஐலண்ட் யுனிவர்சலுடையது. சுதந்திர லேபிள்களில் 4ஏ.டி., மாட்டடோர், எக்ஸ்.எல்., ரஃப் ட்ரேட் ஆகியவை பெகர்ஸ் குழுமத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் மெர்ஜ், ஜாக்ஜாகுவார், டெட் ஓஷன்ஸ். பிடித்த பாட்டு ஒன்று கிடைத்தால் அந்தக் குழுவின் அடுத்த ஆல்பத்துக்கு ஓடுவதைவிட, அதே லேபிள் அதே ஆண்டில் வெளியிட்ட வேறு இரண்டு குழுக்களைக் கேட்பது அதிகப் பலன் தரும். லேபிள் என்பது ஒருவரின் காது. அந்தக் காது உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

தேடும்போது வரும் தொல்லைகள் இரண்டு. பழைய பாட்டுகளின் ‘ரீமாஸ்டர்’ (மூலப் பதிவிலிருந்து ஒலியைப் புதிதாகச் சீர்செய்த) பதிவுகளில் சிலவற்றில் ஒலியளவை உயர்த்தி மேடுபள்ளத்தை நிரவியிருப்பார்கள். பிக்சீஸ் போன்ற குழுவுக்கு அது கெடுதல். பழைய பதிவு, புதிய பதிவு இரண்டும் இருந்தால் பழையதில் தொடங்குங்கள். அடுத்தது மேடைப் பதிவுகள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அடைப்புக்குறிக்குள் ‘லைவ்’ என்று இருந்தால் முதல் தடவைக்கு அது வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கலாம் என்று தோன்றினால் இடம் பேண்ட்கேம்ப். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் தட்டு, சட்டை போன்றவற்றில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. பணம் செலுத்தும் கட்டணம் போக மிச்சம் குழுவுக்கோ லேபிளுக்கோ போகும். 2020 மார்ச்சிலிருந்து சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது, வாங்குவதைச் சேர்த்துவைத்து அன்றைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. ஸ்பாட்டிஃபையிலோ 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் பதிவு ராயல்டியே கணக்கில் வரும். 500 பிரதி அடித்து விற்கிற அளவிலான குழு அந்த எண்ணைத் தொடாமலே போய்விடலாம். ஒரு ஆல்பத்தை வாங்கினால், இழப்பில்லாத எஃப்.எல்.ஏ.சி. கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், நாளை லேபிள் கைமாறி ஆப்பிலிருந்து பாட்டு காணாமல் போனாலும் கோப்பு உங்கள் வட்டில் இருக்கும்.